முப்பத்தாறு நெற்றிகளும் ஒரு பச்சையும்

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆசிரியர் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைகழுவும் தொட்டிக்கு மேலே தொங்கிய ரசம் போன கண்ணாடியின் முன்னால் நின்று, கிராமர் பிரம்மநாயகம் தனக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நெற்றியில் புரிமானி. மாணவர்களுக்குக் கட்டும் பட்டை என்பதால் அவர் தலைக்குச் சற்றுச் சிறியது. புருவங்களை மேலே இழுத்துப் பிடித்து, எதையோ கேட்டு ஓயாமல் ஆச்சரியப்படுகிறவரைப்போல அவரைக் காட்டியது.

"முன்னே போவது சப்ஜெக்ட்டு," என்றார் கண்ணாடியிடம். "பின்னே போவது பிரெடிகேட்டு."

பட்டையின் நடுவிலிருந்த சிறு விளக்கு மஞ்சளாக எரிந்தது.

திருநீறு மறைக்கிறதோ என்று தோன்றியது. முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் ஒரு நாளும் நெற்றியை வெறுமையாக விடாத மனுஷர், குழாயைத் திறந்து நெற்றியைக் கழுவித் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை இங்கிலீஷிலேயே சொன்னார், உதட்டைச் சுழித்து, நிறுத்தி நிறுத்தி, லண்டன் வானொலி மாதிரி. மஞ்சள்தான். கோபமாகச் சொன்னார், மஞ்சள். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அதற்கும் மஞ்சள்.

புரிமானியின் சங்கதி ரொம்ப எளிது. ஒருவர் ஒரு விஷயத்தை நினைக்கும்போது அது புரிந்து வருகிறதா, உருப்போட்டது வருகிறதா என்று மூளையின் ஓட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். புரிந்திருந்தால் பச்சை. மனப்பாடம் என்றால் மஞ்சள். ஒன்றுமே இல்லை என்றால் விளக்கே எரியாது. பச்சைக்கு மட்டும்தான் மதிப்பெண் என்று அரசாங்கம் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷத்தில் நாடு முழுக்க மஞ்சளாக எரிந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பிரம்மநாயகம் பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திருநீற்றை மறுபடி பூசி, கதவைத் திறந்தார். வெளியே காத்திருந்த கணக்கு டீச்சர், உள்ளே யாரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, நாளைய பாடத்தைக் கொஞ்சம் மெருகேற்றினேன் என்றார்.

நத்தமேடு ராவ்பகதூர் சிங்காரவேலு நினைவு மேல்நிலைப்பள்ளியில் அவரைக் கிராமர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பள்ளி ஆண்டு மலரில்கூட அப்படித்தான் அச்சாகும். ஒரு வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது, அதாவது சப்ஜெக்ட் எது, பிரெடிகேட் எது என்ற ஒரு பாடத்தைச் சப்பரம் போகிற தாளத்தில் பாட்டாக்கி வைத்திருந்தார். 'முன்னே போவது சப்ஜெக்ட்டு, பின்னே போவது பிரெடிகேட்டு.' ஊரில் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன்கூட அதை முணுமுணுப்பான். அவரிடம் படித்தவர்கள் பெரிய பெரிய வேலைகளுக்குப் போயிருந்தார்கள். அங்கே அவர்கள் இங்கிலீஷில் பேசினார்களா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அவருக்கு இன்னொரு புகழும் உண்டு. அது ஆண்டு மலரில் வராது. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது, கேள்வி கேட்டதும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைகளிலிருந்து ஒன்றைப் பார்த்து எழுப்புவார். அதிகாரிக்கு எல்லாம் கைகள்தான். இந்த ஏற்பாட்டைப் பிரம்மநாயகம்தான் அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கும் மூத்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தலைமையாசிரியர் ஆவுடையப்பன் அதற்காகவே அவரை எழுந்து நின்று வரவேற்பார். புரிமானி வந்த அன்றைக்கு ஆவுடையப்பன் சொன்ன ஒரே வார்த்தை, "இனி கையைத் தூக்கி என்ன பிரயோஜனம், சார்வாள்" என்பது.

இப்போது சுற்றறிக்கை வந்திருந்தது. இணை இயக்குநர் மங்கையர்க்கரசி அம்மையார் நேரில் வருகிறார். ஏழாம் வகுப்பு ஆங்கிலம். பாதி நெற்றிகளாவது பச்சையாக எரியாவிட்டால் அந்த ஆசிரியர் 'மறுபுரிதல் முகாமு'க்குப் போக வேண்டும். முகாமில் ஆசிரியருக்கும் பட்டை கட்டி, பெஞ்சில் உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார்கள். முடிவுகளைப் பள்ளிக் கதவில் ஒட்டுவார்கள். அதுமட்டுமல்ல, ஆய்வு நாளன்று பாடம் நடத்துகிறவரும் பட்டை கட்டியிருக்க வேண்டும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. அந்தக் கடைசி வரிதான் அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தியது.

மறுநாள் ஏழாம் வகுப்பில் பாட்டைத் தொடங்கினார். முப்பத்தைந்து நெற்றிகளில் மஞ்சள் பூத்தது. கல்யாண வீட்டில் சந்தனம் கொடுத்த மாதிரி வரிசையாக, ஒழுங்காக இருந்தது. முப்பத்தாறாவது நெற்றி வகுப்பில் இல்லை. வாசலுக்கு வெளியே, வராந்தாத் தூணோரம் வெயிலில் நின்றது. வரையறையை ஒப்பிக்கத் தெரியாததற்காக ஜூன் மாதத்திலிருந்தே ஆங்கிலப் பிரிவேளைகளில் அது அங்கேதான் நிற்கும். பேச்சிக்கனி. அவள் அம்மா சண்முகக்கனி தண்ணி லாரி ஓட்டுகிறவள்.

ஜன்னல் பக்கமாகத் திரும்பியபோது பிரம்மநாயகத்தின் பாட்டு பாதியில் நின்றது. அந்தப் பெண்ணின் நெற்றி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வெளியே போய்ப் பட்டையைத் தட்டிப் பார்த்தார். பட்டையில் கோளாறு ஒன்றும் இல்லை. பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குனிந்து, சப்ஜெக்ட்டைப் பற்றி என்னட்டி நினைச்ச என்று கேட்டார்.

பேச்சிக்கனிக்கு இது புதிய வகைத் தண்டனையோ என்ற சந்தேகம். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தண்ணி பிடிக்க லாரிகிட்ட நிக்கிற வரிசையை நெனச்சேன், சார். நான் அம்மாகூட மேல உக்காந்திருப்பேன்லா, அங்கேருந்து எல்லார் தலையும் தெரியும். யாராவது ஒரு அக்கா, 'நம்ம மேலத்தெரு டெய்லர் பொண்டாட்டி இருக்காள்லா...'ன்னு சொல்லிட்டு நிறுத்துவாங்க. ஒடனே எல்லாத் தலையும் கிட்ட வரும். தலை கிட்ட வர்ற வரைக்கும் சொன்னது சப்ஜெக்ட்டு. வந்த பெறகு சொல்றது பிரெடிகேட்டு."

"டெய்லர்ங்கிறது ஒரு வார்த்தை. நீ சொல்றது நாலு வார்த்தை."

"எத்தனை வார்த்தையா இருந்தா என்ன சார், யாரைப் பத்திங்கிறதுதான."

பிரம்மநாயகம் நிமிர்ந்தார். முப்பத்தொரு வருஷத்தில் இதை இப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. அவளைப் பாராட்ட ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. அங்கே ஏற்கெனவே வேறொரு வார்த்தை ரொம்ப நாளாகக் குடியிருந்ததால், அதுதான் வெளியே வந்தது.

"களிமண்ணு," என்றார். "இதெல்லாம் பரீட்சையில எழுதிராத."

பச்சை அணைந்தது. அதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டைகளைப் பராமரிக்கக் கம்பெனி அனுப்பியிருந்த ஜெபசிங் என்ற இளைஞன் மாதத்துக்கு இரண்டு நாள் நத்தமேட்டுக்கு வருவான். அவனுக்கு ஆவுடையப்பன் அறையில் அதிரசமும் காபியும் வைத்துப் பேச்சை ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் நாட்டு நடப்பு, மழை, ஜெபசிங்கின் சொந்த ஊர் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, ஒரு நெற்றியில் எரிகிற விளக்கை இன்னொரு நெற்றியிலும் எரிய வைக்க வழி உண்டா என்று ஒரு ஞான விசாரம்போலக் கேட்டார்.

உண்டு என்றான் அவன். பட்டைகளைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டையை மூலம் என்று குறித்துவிட்டால், அந்த அறையில் இருக்கிற எல்லாப் பட்டையும் அதைப் பார்த்து அப்படியே எரியும்.

"தப்பில்லையா, தம்பி?" என்று கேட்டார் பிரம்மநாயகம். தப்பில்லை என்று அவன் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டார்.

"நீங்க வலது கை இடது கைன்னு வச்சிருந்தீங்களாமே, சார். எங்க சித்தப்பா இங்கதான் படிச்சாரு, சொல்லியிருக்காரு. அதுக்கு இது தேவலாம். அதுல பிள்ளையளுக்குக் கை வலிக்கும்."

ஆவுடையப்பன் சிரித்து அதிரசத்தை அவன் பக்கம் நகர்த்தினார். பிரம்மநாயகத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"அந்தப் பிள்ளைகிட்டேருந்து எடுத்தா, அதுக்கு ஏதும் குறையுமா?"

"சே. இது எதையும் எடுக்காது, சார். காட்டத்தான் செய்யும். ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க. அந்தப் பிள்ளைக்குப் பயமோ அழுகையோ வந்துட்டா மனசு ஓடாது. அது அணைஞ்சா மொத்த அறையும் அணைஞ்சிரும்."

ஆய்வு நாளன்று பேச்சிக்கனி ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வகுப்புக்குள் உட்கார்ந்தாள். கடைசி பெஞ்சு, சுவரோரம். ஒன்றும் பேச வேண்டாம், பாடத்தைக் கேட்டுக்கொண்டு உனக்குத் தோன்றியபடி நினைத்துக்கொண்டிரு என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வேலை இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

மங்கையர்க்கரசி அம்மையார் பூரண கும்பம், நாகஸ்வரம், வெல்வெட் நாற்காலி எல்லாவற்றையும் தாண்டி வகுப்புக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். அவருக்கும் மரியாதைக்கு ஒரு பட்டை கட்டினார்கள், ஜரிகை வைத்துத் தைத்தது. ஜெபசிங் கடைசி நிமிஷத்தில், யாரையும் விட்டுவிட வேண்டாமே என்று, அறையிலிருந்த அத்தனை பட்டைகளையும் ஒரே மூலத்தில் கோத்துவிட்டான். பிரம்மநாயகம் நெற்றியிலும் பச்சை. தலைமையாசிரியர் நெற்றியிலும் பச்சை. இணை இயக்குநர் நெற்றியில் பச்சை எரிந்தபோது அவரே மெல்லத் தொட்டுப் பார்த்து, பக்கத்திலிருந்த உதவியாளரை ஒரு பார்வை பார்த்தார். இங்கிலீஷ் எம்.ஏ. சும்மாவா என்று அந்தப் பார்வை கேட்டது. பிரம்மநாயகம் பாடினார். வகுப்பு பாடியது. முப்பத்தாறு நெற்றிகளும் வயல் மாதிரி பச்சைப் பசேலென்று நின்றன. புகைப்படக்காரர் பெஞ்சு மேல் ஏறி நின்று எடுத்தார்.

பாட்டு முடிந்ததும் அம்மையார் கோப்பைத் திறந்து, அதிலிருந்த ஒரு வாக்கியத்தைப் படித்தார். "டவுன் த ரோட் கேம் அ வாட்டர் லாரி." ரோட்டோடு வந்தது ஒரு தண்ணி லாரி. சப்ஜெக்ட் எது?

முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, டவுன் என்றான். முன்னே போவதுதானே சப்ஜெக்ட். நெற்றியில் பச்சை. அடுத்தவள் எழுந்து, டவுன் த ரோட் என்றாள். அவள் நெற்றியிலும் பச்சை. அம்மையார் கோப்பைப் பார்த்தார், நெற்றிகளைப் பார்த்தார், மறுபடியும் கோப்பைப் பார்த்தார்.

கடைசி பெஞ்சில் பேச்சிக்கனி எழுந்துவிட்டாள். அவளை யாரும் கேட்கவில்லை. ஆனால் அது தண்ணி லாரியைப் பற்றிய வாக்கியம். அவள் வீட்டு விஷயம்.

"லாரி, டீச்சர்," என்றாள். "கடைசியில வந்தாலும் அதுதான். ரோட்டைப் பத்தி யாரு பேசுவா? வரிசையில நிக்கவங்க லாரியைப் பத்தித்தான் பேசுவாங்க."

பிரம்மநாயகம் திரும்பவில்லை, யோசிக்கவில்லை. வழியில் கல் இடறினால் 'முருகா' என்று வருகிற மாதிரி வந்தது.

"உக்காருட்டி, களிமண்ணு. முன்னால வர்றதுதான சப்ஜெக்ட்டு."

விளக்குகள் அணைந்தன. முப்பத்தாறும் ஒரே நேரத்தில். மெயின் சுவிட்சை இறக்கிய மாதிரி. ஆவுடையப்பன் நெற்றி அணைந்தது. ஜரிகைப் பட்டை அணைந்தது. பிரம்மநாயகத்தின் நெற்றியில் இருந்தது அணைந்தது அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்த விதத்தில் தெரிந்துகொண்டார்.

அம்மையார் கோப்பிலிருந்த விடையைச் சத்தம் போடாமல் படித்தார். "அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி," என்றார்.

அந்த வகுப்பறையில் பிரம்மநாயகம் நின்ற முப்பத்தொரு வருஷமும் அந்த ஒரு நொடிக்குள் வந்து நெருக்கியடித்து நின்றது. தப்பான விடைகளைச் சரி என்று கேட்டுத் தலையாட்டினார். சரியான விடையைச் சொன்ன ஒரே பிள்ளையை உட்காரச் சொன்னார். எது எது என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. இதெல்லாம் அவருக்கு அப்போது வரிசையாகத் தோன்றவில்லை. காது மட்டும் சுட்டது.

கரன்ட் விஷயமாக இருக்கும் என்று தலைமையாசிரியர் மின்விசிறியைக் காட்டிச் சொன்னார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மையார், விளக்கை வரவழையுங்கள் சார் என்று பிரம்மநாயகத்திடம் அமைதியாகச் சொன்னார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று வார்த்தை போதும். நீ சொன்னதுதான் சரி. கடைசி பெஞ்சு வரை நடந்து போனார். பேச்சிக்கனி தலையைக் குனிந்து, டெஸ்க்கின் கீறல் ஒன்றை நகத்தால் தோண்டிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தவர், பின்னால் இணை இயக்குநர் நிற்பது நினைவுக்கு வந்து, "உக்காரும்மா, ஒண்ணுமில்ல" என்றார். விளக்கு எரியவில்லை.

எரிய வைத்தது அவர் இல்லை. பள்ளிக்கு வெளியே ரோட்டில் தண்ணி லாரி போயிற்று. தானே ஓடும் லாரியை நகராட்சி விட்டுப் பார்த்திருந்தது. வரிசையில் நடக்கிற சண்டையைத் தீர்க்க அதற்குத் தெரியாததால் மறுபடி சண்முகக்கனியிடமே சாவி வந்துவிட்டது. அவள் மகளின் பள்ளியைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பது வழக்கம். அன்றும் அடித்தாள். கடைசி பெஞ்சில் தலை நிமிர்ந்தது. வகுப்பு முழுக்க, ஜரிகை உள்பட, பச்சை பூத்தது.

அம்மையார் ஜெபசிங்கை வெளியே அழைத்துப் போனார். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் பிரம்மநாயகம் மனசுக்குள் முகாமுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, முடிவை ஒட்டிய கதவைக் கடந்து வீட்டுக்கும் போய்விட்டார். உண்மையைச் சொன்னால், அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

திரும்பி வந்த அம்மையார் சிரித்துக்கொண்டிருந்தார். பொன்னாடையைப் பிரிக்கச் சொன்னார். இவ்வளவு காலம் ஒவ்வொரு தலையிலும் புரிதலை உண்டாக்கப் பார்த்துத்தான் நாம் தோற்றோம் என்று பேசினார். வீட்டுக்கு வீடு கிணறு எதற்கு, ஊருக்கு ஒரு நீர்த்தேக்கத் தொட்டி போதாதா? மிச்சமெல்லாம் விநியோகம்தானே. இந்த உண்மையை நத்தமேடு நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. பேசி முடித்து, பிரம்மநாயகத்தின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டினார்கள். பொன்னாடை இவ்வளவு உறுத்தும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. மாவட்டத்தில் நூற்று நாற்பது பள்ளிகள். எல்லாப் பள்ளிகளின் ஏழாம் வகுப்புப் பட்டைகளும் நத்தமேட்டு மாதிரி வகுப்பின் மூலப் பட்டையில் கோக்கப்படும். கிராமர் பிரம்மநாயகத்தின் சப்ஜெக்ட், பிரெடிகேட் பாடம் தினம் நான்கு பிரிவேளை நேரலையில் போகும். மூல மாணவி முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேமரா அவள் பக்கம் திரும்பக் கூடாது.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்த சண்முகக்கனி, காக்கிச் சட்டையில் கிரீஸ் கறையோடு நின்று, ஆவுடையப்பன் வாசித்ததை முழுக்கக் கேட்டாள். பிறகு பிரம்மநாயகத்தைப் பார்த்து, "எடுத்தாக் கொறையாதா, சார்?" என்று கேட்டாள். "ஆயிரம் லிட்டர் லாரியில ஆயிரத்தொண்ணு கேட்டாலே தகராறு வரும்."

இது தண்ணி இல்லம்மா, எடுக்காது, காட்டத்தான் செய்யும் என்று ஜெபசிங் சொன்னதை அப்படியே சொன்னார். பட்டை கட்டியிருந்தால் அது மஞ்சளாக எரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நத்தமேட்டின் பெயர் எல்லாப் பலகையிலும் ஏறியது. பிரம்மநாயகத்துக்கு மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள், சுட்டுவிரலைத் தூக்கிக்கொண்டு அவர் நிற்கிற படம். வீட்டில் அவர் சம்சாரம் ஒன்றைக் கூடத்தில் மாட்டப்போனாள். இருக்கட்டும், வெயில் பட்டுப் போய்விடும் என்று சுருட்டிப் பரண்மேல் போட்டார். தினம் காலையில், அந்த மூன்று வார்த்தையை இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போவார். வகுப்பில் ஒலிவாங்கி இருந்தது. அவர் தும்மினால் நூற்று நாற்பது பள்ளியில் கேட்கும். பிரிவேளை முடிந்ததும் பிள்ளையைத் தண்ணீர் குடிக்க அழைத்துப் போய்விடுவார்கள். பிறகு அடுத்த பிரிவேளை. முன்னே போவது சப்ஜெக்ட்டு.

முதல் மாதம் அவள் பச்சை அடர்ந்த பச்சையாக இருந்தது. அவர் பாடும்போது அவள் வேறெங்கோ, லாரியின் மேல் உட்கார்ந்து, தலைகள் ஒன்று கூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். சில நாள் உதட்டோரம் சிரிப்பு வரும். அன்றைக்கு டெய்லர் பொண்டாட்டி ஏதோ செய்திருப்பாள். இரண்டாம் மாதம் சிரிப்பு நின்றது. மாலையில் சண்முகக்கனி வந்து, பிள்ளை இப்போதெல்லாம் லாரியில் ஏற மாட்டேன் என்கிறாள், தூக்கத்தில் ஏதோ பாட்டுப் பாடுகிறாள் என்றாள். என்ன பாட்டு என்று அவர் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பிரிவேளை. பாட்டின் இரண்டாவது அடியைப் பாடிக்கொண்டு கரும்பலகையிலிருந்து திரும்பினார். முன் பெஞ்சில் மஞ்சள் எரிந்தது.

அவர் பாட்டை நிறுத்தினார். வகுப்பில் முப்பத்தாறு மஞ்சள். சுவர்த்திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்த நூற்று நாற்பது பள்ளிகளிலும் மஞ்சள். ஒலிவாங்கியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு முன் பெஞ்சருகே குந்தி உட்கார்ந்தார். இதற்கு முன் அவர் எந்தப் பிள்ளையின் முன்னாலும் குந்தி உட்கார்ந்ததில்லை. முழங்கால் சொடுக்கியது.

"ஏட்டி, பேச்சிக்கனி. லாரி வரிசையில நேத்து என்ன பேசிக்கிட்டாங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு எந்த விடை வேண்டும் என்று தேடுகிற பார்வை. மற்ற எல்லாப் பிள்ளைகளிடமும் முப்பத்தொரு வருஷமாக அவர் பார்த்துப் பழகிய பார்வைதான் அது. அவளிடம் மட்டும் அது இருந்ததில்லை.

"முன்னே போவது சப்ஜெக்ட்டு, சார்," என்றாள். "பின்னே போவது பிரெடிகேட்டு."

தாளம்கூடப் பிசகவில்லை.

"நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி," என்றார் பிரம்மநாயகம். மூன்று வார்த்தை சொல்வதாக இருந்தது, ஒரு வார்த்தை கூடுதலாகவே வந்தது. "லாரிதான் சப்ஜெக்ட்டு. நான் சொன்னது தப்பு. கேக்குதாம்மா?"

அவள் தலையாட்டினாள். அதை அவள் இப்போது உருப்போட்டுக்கொள்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

ஜெபசிங் வந்து பட்டையைக் கழற்றி, மாட்டி, இன்னொன்றைக் கட்டிப் பார்த்தான். கோளாறு இல்லை சார் என்று தணிந்த குரலில் சொன்னான். நானூறு தடவைக்கு மேல் ஒரே பாட்டைக் கேட்டிருக்கிறாள். அதற்கு மேலேயும் யாருக்காவது அது பச்சையாகவே இருக்குமா? பிரம்மநாயகம் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். பிள்ளையை விட்டுவிடுங்கள், தப்பு என்னுடையது, எனக்கே இந்தப் பாடம் புரிந்தது கிடையாது, என்னை முகாமுக்கு அனுப்புங்கள் என்று. ஆவுடையப்பன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, உங்கள் தன்னடக்கம் யாருக்கு வரும் சார்வாள் என்று உருகி, நகல் எடுத்துப் பள்ளி ஆண்டு மலருக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு மேலே அனுப்பினார்.

பதிலுக்கு வந்தது சுற்றறிக்கை. மாவட்டம் முழுவதும் ஒரே சீராக வண்ணம் மாறியிருப்பது புரிதல் முதிர்ந்ததன் அடையாளம் என்று வல்லுநர் குழு கண்டறிந்துள்ளது. காய் பச்சை, கனி மஞ்சள். எனவே இனிமேல் மஞ்சளுக்கே முழு மதிப்பெண்.

டிசம்பரில் வெளி மாநிலத்திலிருந்து ஒரு குழு மாதிரி வகுப்பைப் பார்க்க வந்தது. மங்கையர்க்கரசி அம்மையார் கூட வந்து, வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் விளக்கினார். பிரம்மநாயகத்தின் தோளில் பழைய பொன்னாடையையே மறுபடி போட்டார்கள். அவர் பாடவில்லை. பாட வேண்டிய அவசியமும் இல்லை. வகுப்பே பாடியது, பேச்சிக்கனியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கணீரென்று கேட்டது. மஞ்சள் விளக்குகளைப் பார்த்துக் குழுவினர் வாய் பிளந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் குழுத் தலைவர், அரைகுறைத் தமிழில், ஆசையாகக் கேட்டார். புரிந்ததா, குழந்தைகளே? புரிந்தவர்கள் கை தூக்குங்கள்.

முப்பத்தைந்து கைகள் சட்டென்று மேலே போயின. வலதும் இடதுமாகக் கலந்து, பழைய வழக்கப்படி. பேச்சிக்கனி மட்டும் தூக்கவில்லை. டெஸ்க்கின் மேலிருந்த தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எது என்று முடிவு செய்கிறவளைப்போல. பிறகு பிரம்மநாயகத்தை நேராகப் பார்த்து, மெதுவாக ஒரு கையை உயர்த்தினாள்.

இடது கை.

குழுவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த பெரியவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். அதில் ஆவுடையப்பன் கைதட்டிக்கொண்டிருந்தார்.